மரநாய் காவல் காத்த மரம்

ஒரு காட்டில், மழை விட்ட பிறகும் மூன்று நாள் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே வயதான மரநாய் ஒன்று வாழ்ந்தது. ஆண்டுதோறும் அது இரண்டு மலை ஏறி இறங்கி, கூந்தற்பனைத் தோப்புக்குப் போய்ப் பழம் தின்று வரும். பனிக்காலம் முழுவதும் அந்தப் பழம்தான் அதற்குத் தெம்பு.

இந்த ஆண்டு கால்கள் ஓய்ந்துவிட்டன. ஓடைக்கரை வரை வந்ததும் மரநாய் உட்கார்ந்துவிட்டது. எதிரே, அதுவரை கவனித்திராத ஒரு மரம் நின்றது. கிளையில்லாத ஒற்றைத் தண்டு. உச்சியில் குடைபோல விரிந்த இலைகள்.

“பனை!” என்றது மரநாய். “நான் தேடிப் போவதற்குள் அதுவே வந்துவிட்டது.”

கூட வந்த மலை அணில் மரத்தைச் சுற்றிப் பார்த்தது. “இது என்ன மரமென்று எனக்குத் தெரியவில்லை, மாமா. தெரிந்த மரத்துக்கே போவோம். அங்கே பழம் பத்து நாள்தான் நிற்கும்.”

“நீ போ. எனக்கு இங்கேயே பழுக்கும்.”

பக்கத்து மரத்தில் பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்கு, “பனையேதான்! இதையெல்லாமா கேட்பார்கள்?” என்றது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அணில் போய்விட்டது. உச்சி இலையின் அடியிலிருந்து ஒரு நத்தை எட்டிப் பார்த்தது.

“அண்ணே, நான் இந்த இலைக்கு அடியில்தான் குடியிருக்கிறேன். இங்கே வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. குருத்து என் ஓடு மாதிரி சுருண்டு வருகிறது. ஓடையோரப் பெரணிச் செடியும் இப்படித்தான். இது மரமாக வளர்ந்த பெரணி. பூக்காது, காய்க்காது.”

“முழங்கால் உயரச் செடி மரமாகுமா? நீ சொன்ன புள்ளிகள்தான் பிஞ்சு!”

“ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்களேன்.”

“ஏற முடிந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?”

“பழுத்தால் எப்படிப் பறிப்பீர்கள்?”

“பழுத்தால் தானே விழும். நீ போய் வேலையைப் பார்.”

மரநாய் காத்திருந்தது. யார் நெருங்கினாலும் உறுமியது. பிறகு உறுமவும் தெம்பில்லை. கைக்கு எட்டிய புழுவைத் தின்றுவிட்டு, மறுபடியும் அண்ணாந்து பார்த்தது.

பத்தாம் நாள் காற்று அடித்தது. இலைகள் அசைந்தன. மேலிருந்து ஏதோ விழுவதைக் கண்டு மரநாய் வாயைத் திறந்தது. வாய் நிறைய, அந்தப் புள்ளிகளிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூள். அதில் ருசியே இல்லை. இரண்டு முறை தும்மியது.

அப்போது அணில் உருண்டை வயிற்றோடு திரும்பி வந்தது.

“மாமா, தோப்பு காலி. கொட்டைதான் கிடக்கிறது.”

மரநாய் மெல்ல எழுந்து, தண்டைப் பிடித்துக்கொண்டு உச்சியைப் பார்த்தது. புதுக் குருத்து ஒன்று, நத்தை ஓடு போலவே சுருண்டிருந்தது.

“கொட்டையில் கொஞ்சம் சதையாவது ஒட்டியிருக்குமா?” என்று கேட்டது.

“தேடினால் இருக்கும், மாமா.”

மரநாய் நடந்தது. அதே இரண்டு மலைகள்தான்; இந்த முறை வெறும் வயிற்றோடு.

நீதி: நம் களைப்புக்கு ஏற்ற பெயரைச் சூட்டிவிட்டால், தெரியாத பொருள் தெரிந்த பொருளாகிவிடாது.