மிளகாய் குறையாத இலை

கருவேலங்குடி ஜமீன்தாருக்குச் சாப்பிட்டாலே வயிறு எரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். காரத்தைக் குறைக்கச் சொன்ன வைத்தியருக்குச் சவுக்கடி கிடைத்தது. குறைத்துச் சமைத்தவனின் கையைக் கொதிக்கிற எண்ணெயில் முக்கினார்கள். அவன் இடத்துக்குத்தான் மாடக்கண்ணு வந்தான்.

“ஏலே, என் வயிறு குணமாகணும். இலையில மிளகாயும் குறையக் கூடாது. தப்பினா உனக்கும் எண்ணெய்ச்சட்டிதான்.”

மாடக்கண்ணு கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனான்.

ஜமீன்தாரின் அப்பா விஷச்சோறு தின்று செத்தவர். அதனால் எதையும் சமையற்காரன் முதலில் தின்று காட்ட வேண்டும். மறுநாள் காரக்குழம்பை இலையில் பரிமாறிவிட்டு, ஒரு வாய் தின்ற மாடக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். ஜமீன்தாருக்கு முகம் வெளுத்தது.

“விஷமாலே?”

“நானே வச்சு நானே தின்பேனா, எசமான்?”

பிறகு மோர்க்கஞ்சியும் மணத்தக்காளிக் கீரையும் தின்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அவர் அதை மட்டும் சாப்பிட்டார். அடுப்படிக்குக் காவல் போட்டும் தினமும் இதே கதைதான்.

ஒரு நாள் மிஞ்சிய குழம்பைக் காவற்காரன் வழித்து நக்குவதை ஜமீன்தார் பார்த்துவிட்டார். “ஏமாத்தினியாலே? எண்ணெயைக் காய்ச்சுங்க!”

மாடக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். “இலையில மிளகாய் குறைஞ்சுதா, எசமான்?”

“இல்ல.”

“வயிறு எரியுதா?”

ஜமீன்தார் வயிற்றைத் தடவிப் பார்த்தார். “இல்ல... அப்ப ஏன்லே சுருண்ட?”

“சாப்பிட்டதும் நீங்க செய்யறதத்தான் செஞ்சு காட்டினேன். பார்த்த உங்களுக்கே பயம் வந்துட்டுது.”

காய்ந்த எண்ணெயில் அன்று அப்பளம் பொரித்தார்கள். மாடக்கண்ணு முதல் அப்பளத்தைக் கடித்தான், ஜமீன்தாரைப் பார்த்தான், மெல்ல வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.