மச்சான் பிடிக்கும் கயிறு

“நான் இந்த மலைக்காரன் இல்லையாம். இதுக்கு என்ன பதில் சொல்றது?”

மாதன் கேட்டபோது கோஞ்சன் காட்டுக்கொடியைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தான். இங்கே குருவுக்குச் சீடனைவிடப் பத்து வயது குறைவு. இருபது வருஷம் நகரத்தில் கிடந்துவிட்டு, நரைத்த தலையோடு தேனெடுக்கக் கற்க மலைக்குத் திரும்பி வந்தவன் மாதன்.

“யாரு சொன்னது?”

“வனக்காவலர். தேனெடுக்கிறவங்க பட்டியல்ல என் பேரை அடிச்சுட்டார். வெளியாளாம்.”

“நாளைக்குக் காலையில தேன்பாறையில இறங்கு.”

“நீ கயிறு பிடிப்பியா?”

“நான் எதுக்கு? நம்ம சனத்துல மச்சான்தான் பிடிக்கணும். தங்கச்சி தனியா நிக்கக் கூடாதேன்னு அவன்தான் கையை விடமாட்டான்.”



மாமனார் செத்த அன்று மாதன் தன் மனைவியை நகரத்திலிருந்து ஊருக்கு அனுப்பவில்லை. அன்றோடு அவள் அண்ணன் பெட்டன் அவனிடம் பேச்சை விட்டான். பதினொரு வருஷம்.

“வேற வழி?”

கோஞ்சன் கொடியை முறுக்கினான்.

சாயங்காலம் மாதன் பெட்டன் வாசலில் போய் நின்றான்.

“மச்சான், நாளைக்குக் கயிறு பிடிக்கணும்.”

“நீ எங்கேயாவது விழுந்து சாகணும்னுதான் இத்தனை நாளா வேண்டிக்கிட்டிருக்கேன்.”

“அப்போ வந்து பிடி. விடறதும் விடாததும் உன் கை.”

பெட்டன் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆனால் காலையில் பாறை உச்சிக்கு மாதனுக்கும் கோஞ்சனுக்கும் முன்பே வந்திருந்தான்.

பெட்டன் கயிறு பிடிக்க, மாதன் இறங்கினான். பாதிவழியில் கயிறு சடாரென்று ஒரு முழம் நழுவியது. 

“அது எங்கப்பனுக்கு!” மேலிருந்து குரல்.

பிறகு கயிறு அசையவில்லை.

மாதன் தேனடைக்குக் கை நீட்டும்போது உச்சியில் பூட்ஸ் சத்தம். வனக்காவலர்.

“யோவ் கோஞ்சா! வெளியாளை எவன்யா இறக்கச் சொன்னது? மேலே இழு!”

“கயிறு என் கையில இல்லீங்க. அவனைக் கேளுங்க.”

“பெட்டா, இழுடா! வெளியாளுக்கு இங்க உரிமை கிடையாது.”

தேனீக்களின் இரைச்சலுக்கு நடுவே மாதன் அந்தரத்தில் தொங்கியபடி காதைத் தீட்டிக்கொண்டான். 

பெட்டன் காறித் துப்பினான்.

“வெளியாளா? வெளியாள்கிட்ட எவனாவது பதினொரு வருஷம் கோவிச்சுக்கிட்டு இருப்பானாய்யா?”