ஷெட்டோடு கிளம்பின கார்

தவசிக்கனிக்கு வெல்டிங் நல்லாவே வரும். வாய் அதைவிட நல்லா வரும். அதனாலேயே ஒரு வருஷமா அவர் ஷெட்டுப் பக்கம் எந்தக் காரும் எட்டிப் பார்க்கலை. இன்னைக்குத்தான் எப்சிபா டீச்சர் தன் பழைய காரைக் கொண்டாந்து நிறுத்தியிருந்தாங்க. உப்புக்காத்துல அடித்தகடு பூரா துருப்பிடிச்சு, உள்ளே உட்கார்ந்தா கீழே ரோடு தெரிஞ்சது. இதுவும் கைவிட்டுப் போனா, ஷெட்டைப் பூட்டிட்டு மச்சான் மில்லுல மிளகாய் அரைக்கப் போகவேண்டியதுதான்.

"ஒழுங்கா ஒட்டுவீங்களா, அண்ணாச்சி?"

"என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? போன தடவை ஒரு வண்டிக்குத் துருவை வெட்டி எறிஞ்சிட்டு, புதுத்தகடு வச்சுப் பத்த வச்சேன். கிறுக்குப்பய நான், அடியில குனிஞ்சு பார்க்கலை. கீழே கிடந்த இரும்புப் பலகையும் சேர்ந்து ஒட்டிக்கிட்டு!"

"ஆரம்பிச்சுட்டான்யா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு பக்கத்து டீக்கடை செல்லப்பாண்டி.

"ஓனர் வண்டியை எடுத்தாரு. பலகை கூடவே வந்துச்சு. பலகையை ஷெட்டுத் தூண்ல போல்ட் போட்டு முறுக்கியிருந்தேனா, ஷெட்டும் கிளம்பிட்டு!"

"நீரு எங்கவே இருந்தீரு?"

"என் பெல்ட் பக்கிளையும் சேர்த்துல்லா பத்த வச்சிருந்தேன்! வண்டிக்குள்ள குப்புறக் கிடக்கேன். திருச்செந்தூர் ரோட்டுல பஸ்ஸுன்னு நினைச்சு ஷெட்டுக்குள்ள இருபது பேரு ஏறிட்டாங்க. ஜன்னலோரம் கேட்டு ஒரு அம்மா சண்டை. டோல்கேட்டுல வீட்டுவரி ரசீது காட்டச் சொல்லுதான்!"

"ஷெட்டு இங்கனதானவே நிக்கு?"

"அவசரப்படாதேயும். பிரேக் பிடிக்காம கடலுக்குள்ளயே இறங்கிட்டோம். நான் ஒட்டின தகடு வழியா உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி வரணுமே! சிலோன் கரை தெரிஞ்ச பிறகுதான் ரிவர்ஸ் போட்டு வந்தோம்."

செல்லப்பாண்டி விழுந்து விழுந்து சிரிச்சாரு. டீச்சர் சிரிக்கலை. 'வந்த ஒரு வண்டியையும் வாயாலேயே விரட்டிட்டியே, பாவி'ன்னு தவசிக்கனி தன்னையே திட்டிக்கிட்டாரு.

டீச்சர் கார்ப் பக்கம் நடந்தாங்க. போயிடுவாங்கன்னு பார்த்தா, கதவைச் சாத்திட்டு வந்து சாவியை அவர் கையில வச்சாங்க.

"டீச்சர்... நான் சொன்னதை நம்பிட்டீங்களா?"

"நூத்துல ஒரு பங்கு நிஜமா இருந்தாப் போதும், அண்ணாச்சி. நான் பள்ளிக்கூடத்துக்குத்தான் போறேன், சிலோனுக்கு இல்ல."