ஆரஞ்சுக் கச்சை கட்டிய துரை

பால் கறந்து பிழைத்த ஆக்னஸ் பெக்கை வீட்டைவிட்டு விரட்டியவர், அவள் ஊரையே ஆண்ட சர் ஆம்புரோஸ் டென்லி துரை. இங்கிலாந்தில் மன்னரும் பார்லிமென்டும் மோதிக்கொண்டிருந்த காலம். காயம்பட்டுக் கிடந்த பார்லிமென்ட் சிப்பாய் ஒருவனுக்கு அவள் ஒரு குவளை மோர் கொடுத்துவிட்டாளாம். மன்னர் கட்சித் துரைக்கு அது ராஜதுரோகம்! கொட்டும் பனியில் அவள் மாட்டுக் கொட்டிலில் போய் ஒண்டினாள்.

மறு வருஷம் பார்லிமென்ட் ஜெயித்தது. மன்னர் கட்சிக்காரர்களின் நிலத்தைப் பறிக்க ஒரு கேப்டன் வந்து இறங்கினார். துரை அவசர அவசரமாக மன்னர் கட்சியின் சிவப்புக் கச்சையை அவிழ்த்தெறிந்து, பார்லிமென்டின் ஆரஞ்சுக் கச்சையைக் கட்டிக்கொண்டார். ஆக்னஸுக்கு ஆள் போயிற்று.

“நான் சொல்லித்தான் நீ மோர் கொடுத்ததாகக் கேப்டனிடம் சொல். இல்லையென்றால் கொட்டிலும் கிடையாது.”

“தாராளமாகச் சொல்கிறேன் துரை. முதலில் என் வீட்டுச் சாவி.”

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். அவள் அதை இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டு கேப்டன் முன் போய் நின்றாள்.

“துரை சொல்லித்தான் எங்கள் ஆளுக்கு மோர் கொடுத்தாயா?”

“ஆமாம், ஐயா.”

துரை மீசையைத் தடவிக்கொண்டார்.

“துரைக்கு அவ்வளவு வேண்டியவள் உடம்பெல்லாம் ஏன் வைக்கோல்?”

“அவர் சொன்னதைச் செய்தேன், ஐயா. செய்ததற்காக அவரே என்னைக் கொட்டிலுக்கு விரட்டினார். இன்று உங்களோடு சேர்ந்துகொள்வதாகச் சொல்கிறாராமே? நம்புங்கள், தாராளமாக நம்புங்கள். கொட்டிலில் இப்போது ஒரு இடம் காலி.”