அரசன் காலில் பட்ட சேறு

கொன்றை நாட்டு அரசனும் அரசியும் பேசிக்கொள்வது நின்றுபோயிற்று. சண்டை இல்லை. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

எப்போது என்று கேட்காதீர்கள். உங்கள் தாத்தாவின் தாத்தாவுக்கே பல் முளைக்காத காலம்.

அரசன் பெயர் கொடைமாறன். அரசி செண்பகவல்லி. அந்த வம்சத்தில் ஒரு வழக்கம்: முடி சூடியவர் கால் மண்ணில் படக்கூடாது. அரசன் நடந்தால் இரண்டு பேர் கம்பளம் விரித்துக்கொண்டே முன்னால் ஓடுவார்கள். அரண்மனை வாசலில் கம்பளம் தீர்ந்துவிடும். அரசனும் அங்கேயே திரும்பிவிடுவான்.

ஜன்னலுக்கெல்லாம் பட்டுத்திரை. உள்ளேயே கிடந்தால் என்னத்தைப் பேசுவது? "சாப்பிட்டாயா?" "ஆயிற்று." கடைசியில் அதுவும் நின்றது.

அரசிக்கு மூச்சு முட்டியது. "பௌர்ணமி அன்று அப்பா வீட்டுக்குப் போகிறேன். திரும்ப மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

அரசனுக்குச் சோறு இறங்கவில்லை. வைத்தியர் வந்தார். "மருந்து வேண்டாம். இருவரும் தினம் கொஞ்ச நேரம் காட்டுப்பக்கம் இருங்கள்" என்றார்.

கால் மண்ணில் படக்கூடாதே! "காட்டை இங்கே கொண்டு வாருங்கள்" என்றான் அரசன். சொன்னால் செய்வதற்குத்தான் மூன்று அமைச்சர்கள் இருந்தார்களே.

முதல் அமைச்சர் தொட்டிகளில் மரம் கொண்டுவந்தார். வெயில் இல்லாமல் இலை உதிர்ந்தது.

இரண்டாம் அமைச்சர் அண்டாவில் ஓடைத் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் நாறியது.

மூன்றாம் அமைச்சர் கூண்டில் குயில் கொண்டுவந்தார். அது வாய் திறக்கவில்லை. மனிதர் விடுவாரா? திரைக்குப் பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்துக் கூவச் சொன்னார்.

"குக்கூ... குக்கூ... லொக்கு, லொக்கு!"

"குயிலுக்குச் சளி, மன்னா" என்றார் அமைச்சர்.

யாரும் சிரிக்கவில்லை. அரசி பெட்டியைக் கட்டினாள்.

பௌர்ணமி வந்தது. அரசி தாய்வீடு போனால் அரசன்தான் யானைமேல் எல்லைவரை கொண்டுபோய் விட வேண்டும். அம்பாரியில் இருவரும் ஏறினார்கள். இவள் இந்தப் பக்கம் பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் பார்த்தான்.

அந்த யானை ஒரு பெண் யானை. பெயர் குண்டுமணி. உச்சி வெயில். வழியில் தாமரைக்குளம். குண்டுமணி நின்றாள். பிறகு விறுவிறுவென்று குளத்தில் இறங்கினாள்.

"ஏய், வேண்டாம்டி! மேலே யார் இருக்கிறார்கள் தெரியுமா?" என்று அலறினான் பாகன் சடையன்.

அவளுக்கு என்ன? படுத்துப் புரண்டாள். அரசனும் அரசியும் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தார்கள். யானைக்குப் பின்னாலேயே ஓடிவந்த கம்பளக்காரர்கள் பதறிப்போய்க் கம்பளத்தைக் குளத்தில் விரித்தார்கள். அது மிதந்து போயிற்று.

"விரல் இடுக்கில் ஏதோ வழவழவென்று வருகிறதே!" என்றான் அரசன்.

"அதற்குப் பெயர் சேறு. நாட்டில் எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அரசி. சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"ஐயோ, காலைக் கடிக்கிறது!"

"கெண்டைக்குஞ்சு. சும்மா நில்லுங்கள், கூச்சம் போய்விடும். அதோ, மீன்கொத்தி!"

"எங்கே?"

"நாணலில். போயிற்று. எப்போதுமே தாமதம் நீங்கள்!"

அவன் சிரித்தான். அப்புறம் வாய் மூடவில்லை இருவரும். நாரையைப் பற்றிப் பேசினார்கள், தவளையைப் பற்றிப் பேசினார்கள், கடைசியில் தங்களைப் பற்றியும் பேசினார்கள். வெயில் சாய்ந்தது.

"எல்லைக்குக் கிளம்பலாமா?" என்று கேட்டாள் அரசி.

"போகாதே. நாளைக்கு மீன்கொத்தியை எனக்கு யார் காட்டுவார்கள்?"

அவள் போகவில்லை. மறுநாள் இருவரும் வெறுங்காலில் குளத்துக்கு வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். ஒருநாள்கூடத் தவறவில்லை.

நீதி கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன்: வானமும் மண்ணும் நம்மைத் தேடி உள்ளே வராது, நாம்தான் தினமும் வெளியே போய் அவற்றோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அப்போதுதான் மனிதரோடு மனிதர் சந்தோஷமாக இருக்க முடியும்.

மூன்று அமைச்சர்களும் தங்களால்தான் எல்லாம் சரியாயிற்று என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். நம்பாதீர்கள். சரி செய்தவள் குண்டுமணி.