காய்ந்த காகிதம்

லூர்தம்மாளை யாராவது குரு என்று சொன்னால் சிரித்துவிடுவார். உப்பளத்தில் மிதித்து மிதித்து வெடித்த கால்கள் அவருடையவை. வேலை முடிந்து அந்தக் காலோடு சங்கக் கட்டிடத்துக்கு வருவார். படிக்காத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். புத்தகம் வாங்க வழியில்லை. பழைய நோட்டீஸ்கள்தான் பாடம். ‘கூலி’ முதல் சொல். ‘கோரிக்கை’ இரண்டாவது.

பலவேசம் நாற்பத்திரண்டு வயதில் அவரிடம் எழுதப் படிக்கக் கற்றார். ஆசிரியரைவிட மாணவர் பதிமூன்று வயது மூத்தவர். அவர் லூர்தம்மாளை டீச்சர் என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார்.

கற்ற எழுத்தைக் கொண்டு பலவேசம் முதன்முதலில் எழுதியது ஓர் உறுதிமொழி. கொம்பையாவுக்காக எழுதினார்.

கொம்பையா பறை அடிப்பவர். சாவு வீடுதோறும் அடிக்க வேண்டும் என்பது ஊர் அவர்மேல் சுமத்திய வேலை. உப்பளத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பத்தொன்பதாம் நாள் காலை, பசி தாங்காமல் சனம் மறுபடி வேலைக்குப் பாத்தியில் இறங்கப் போனது. கொம்பையா வரப்பில் நின்று பறையை எடுத்தார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை நிறுத்தவில்லை. ஒருவரும் இறங்கவில்லை. அன்று பலவேசமும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாத்தி ஓரத்தில்தான் நின்றிருந்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, டீச்சர் ஒருவரைத் தவிர.

வேலைநிறுத்தம் ஜெயித்தது. சங்க மேடையில் பலவேசம் எழுதிக்கொடுத்ததைக் கொம்பையா உரக்க வாசித்தார். ‘எந்தச் சாவுக்கும் இனி என் பறை ஒலிக்காது.’ கீழே கையெழுத்தும் போட்டார்.

ஒன்பது வருஷம் கழித்து முதலாளி செத்தான். பாடைக்கு முன்னால் பறை அடித்துப் போனவர் கொம்பையா.

அதன்பிறகு அவர் ஊரில் இருக்கவில்லை. பலவேசம் அவரோடு பேசவும் இல்லை. அதோடு பதினொரு வருஷம். எந்த ஊரில் எந்தப் பறைச் சத்தம் கேட்டாலும் பலவேசம், “இது என்ன அடி! தகர டப்பா” என்று சொல்லி நடந்துவிடுவார்.

ஆனி மாதத்தில் சேதி வந்தது. மேற்கே மலை மேல் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் மன்றத்தின் ஆண்டு விழா. தகரக் கூரை, நாற்பது நாற்காலி. ஞாயிறு மதியம் கொம்பையாவின் பறை.

பலவேசம் ஐந்நூறு நோட்டீஸ் அடித்தார். யாரும் திருத்தாமல் தானே முழுதாக எழுதிய முதல் நோட்டீஸ். தலைப்பு: ‘துரோகி கொம்பையாவை அடையாளம் காண்பீர்!’

“ஒத்தையில போகாதிய. நானும் வாரேன்” என்றார் லூர்தம்மாள்.

தூத்துக்குடியில் சனிக்கிழமை காலை பஸ் ஏறினார்கள். இரவு பொள்ளாச்சியில், சங்க அலுவலக பெஞ்சில் படுத்தார்கள். ஞாயிறு விடிந்ததும் மலை பஸ். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி ஏறவில்லை. பலவேசம் நோட்டீஸ் கட்டை யூரியாச் சாக்கின் பாலிதீன் உறையில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, அதன்மேல் துண்டைக் கட்டினார். அவர் நனைந்தார். கட்டு நனையவில்லை.

“பிள்ளத்தாச்சி மாதிரி இருக்கிய” என்றார் லூர்தம்மாள்.

பலவேசம் சிரிக்கவில்லை. “டீச்சர், ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“துரோகம் பண்ணுன கை அடிக்கிற பறைய, காது குடுத்துக் கேக்கலாமா?”

“கேக்கத்தான் போறியளா? நோட்டீஸ் குடுக்கப் போறியன்னு நெனச்சேன்.”

“நோட்டீஸ் கடைசியிலதான் குடுக்கணும். அதுவரைக்கும் காதைக் கழத்தியா வைக்க முடியும்?”

லூர்தம்மாள் கையை நீட்டினார். பலவேசம் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். மூன்று வளைவு கடக்கும்வரை லூர்தம்மாள் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கிய. எழுத்து எங்கயும் வழுக்கல.”

பலவேசத்தின் முகம் மலர்ந்தது.

“பத்தொன்பதாம் நாள் இதுல எங்க?”

மலர்ந்த முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. “இடம் பத்தல, டீச்சர்.”

லூர்தம்மாள் நோட்டீஸை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மன்றத்தில் ஒரே அமளி. பறையைக் காய்ச்ச வேண்டும். தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றினால்தான் விறைக்கும், விறைத்தால்தான் பேசும். கொம்பையா கீழேயிருந்து ஒரு மூட்டை வைக்கோல் கொண்டுவந்திருந்தார். நெல் விளையாத மலையில் வைக்கோலுக்கு எங்கே போவது? மூட்டையை ஜீப்பின் மேல் கட்டியிருந்தார்கள். பிழிந்தால் தண்ணீர் கொட்டியது.

விறகும் ஈரம். அலமாரியிலிருந்த பழைய பேப்பரைக் கொளுத்திப் பார்த்தார்கள். ஆனி மாதத்தில் அந்த மலையில் காகிதம் துணி மாதிரி தொங்கும். புகைந்தது, எரியவில்லை.

“கேஸ் அடுப்புல காட்டுனா என்ன?” என்றார் மன்றச் செயலாளர்.

“ஒரே எடத்துல சுடும். வெடிச்சிரும்” என்றார் கொம்பையா.

“இப்பதான் பிளாஸ்டிக்குல வருதேங்க, காய்ச்சவே வேணாமாம்.”

“பிளாஸ்டிக் மாட்டை எங்கய்யா மேய்க்க?”

நாற்பது நாற்காலியும் சிரித்தது. பணக்காரர்களின் சபாவில் பாடகருக்குத் தொண்டை கட்டினால் பனங்கற்கண்டு வந்து நிற்கும். இங்கே பறைக்குத் தொண்டை கட்டியிருந்தது. கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களோடு பெண்கள் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். வாரத்தில் அவர்களுக்கு அந்த ஒரு மதியம்தான்.

கடைசி வரிசையில் பலவேசம் சட்டைக்குள் கை வைத்தபடி இருந்தார். லூர்தம்மாள் அவர் பக்கம் குனிந்தார்.

“அண்ணாச்சி, உங்ககிட்ட காஞ்ச காகிதம் ஏதும் இருக்கா?”

பலவேசம் அவரைப் பார்த்தார். லூர்தம்மாள் முகத்தில் கேலி இல்லை. வீட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்பது போலத்தான் கேட்டார்.

“இருக்கு” என்று சொல்வதற்குள் கொம்பையா பார்த்துவிட்டார்.

பதினொரு வருஷத்தில் தலை வெளுத்திருந்தது. நடையில் ஒரு கால் இழுத்தது. ஆனால் தோளில் பறை தொங்கும் சாய்வு மாறவில்லை. அவர் நேராக வந்தார்.

“அண்ணே.”

பலவேசம் நோட்டீஸ் கட்டை எடுத்து மடியில் வைத்தார். உறையைப் பிரித்தார். மேல் தாளில் கொம்பையாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

கொம்பையா ஒன்றை எடுத்தார். வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முழுக்கப் படித்தார். திரும்பி வந்தார்.

“மொதலாளி சாவு செவ்வாக்கெழமைன்னு போட்டிருக்க. புதன்.”

“புதனா?”

“புதன்தான். மத்ததெல்லாம் சரி.”

பலவேசம், கொம்பையா மறுப்பார் என்று நினைத்திருந்தார். மறுத்தால் சொல்ல ஏழு பதில்கள் வைத்திருந்தார்.

“ஏன் போன?” என்றார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

“வேண்டாம்ணே. சொன்னா நான் நல்லவனாயிருவேன். போனது போனதுதான்.”

“எங் கையெழுத்துல எழுதிக் குடுத்தேன்லே. மொத மொதல்ல எழுதுனது.”

“தெரியும். அந்தத் தாளை இன்னும் வச்சிருக்கேன்.”

செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னங்க, காகிதம் குடுப்பாரா, மாட்டாரா?” என்றார்.

கொம்பையா நோட்டீஸைக் கட்டின்மேல் திருப்பி வைத்தார். “நீயே சொல்லுண்ணே. படிக்கக் குடுக்கணும்னா இப்பமே குடு. நானே ஒவ்வொருத்தர் கையிலயும் குடுக்கேன். காய்ச்சணும்னா காய்ச்சுவோம். ரெண்டுக்கும் சேத்து இது வராது.”

பலவேசம் கையை நீட்டிப் பறையின் தோலைத் தொட்டார். குளிர்ந்து, தளர்ந்து, செத்தவன் கன்னம் மாதிரி இருந்தது. விரலால் சுண்டினார். பொத்தென்றது.

கட்டைப் பாதியாகப் பிரித்தார்.

“பாதிதான்” என்றார். “மீதிய கடைசியில குடுப்பேன்.”

“சரிண்ணே.”

தாழ்வாரத்தில் தீ மூட்டினார்கள். நோட்டீஸ் படபடவென்று பிடித்தது. கொம்பையா பறையைத் தணலுக்கு மேல் சுற்றினார். பலவேசம் நாலு நாலு தாளாகப் போட்டார். துரோகி என்ற சொல் சுருண்டு, கறுத்து, எழுந்து பறந்தது.

“ஓரத்துக்குக் காட்டுலே, ஓரத்துக்கு. நடுவுல கருக்கிராத.”

“எனக்கே சொல்லுதியா?”

“பின்ன? காகிதம் யாருது?”

கொம்பையா சுண்டிப் பார்த்தார். ணங்கென்றது. உள்ளே பேச்சு நின்றது.

அடித்தார்.

பலவேசம் கடைசி வரிசைக்குப் போய், மீதிக் கட்டின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வரப்பில் அன்று அடித்த அடி வரும் என்று காத்திருந்தார். அது வரவில்லை. வேறு ஏதோ வந்தது. மெதுவாக, ஒரு கால் இழுத்து நடப்பது போல. கொழுந்துக் கூடை முதுகில் ஏறுவது போல. முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. பிறகு இன்னொருத்தி எழுந்தாள். தகரத்தில் மழை அடித்தது. மழையைப் பறை முந்தியது.

பலவேசத்தின் கைக்குக் கீழே கட்டு அதிர்ந்தது.

அரைமணி போயிருக்கும். சத்தம் மங்கியது. ஈரக் காற்று தோலைத் தளர்த்திவிட்டது. கொம்பையா குச்சியை மாற்றிப் பிடித்தார், இழுத்து அடித்தார். பொத்து, பொத்து. நின்றிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொம்பையா கூட்டத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசி வரிசையை மட்டும் பார்க்கவில்லை.

பலவேசம் லூர்தம்மாளைப் பார்த்தார். லூர்தம்மாள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலி ஒன்று விழுந்தது. பலவேசம் கட்டைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார்.

“லே கொம்பையா! கொண்டா இங்க! தணல் அணையப் போகுது!”

இரண்டாம் முறை காய்ச்சிய பறை, மழை வெறித்து ஓயும்வரை தாங்கியது.

ஐந்து மணி பஸ்ஸுக்கு இருவரும் நிழற்குடையில் நின்றார்கள். கொம்பையா வழியனுப்ப வரவில்லை. அவரை அந்தப் பெண்கள் விடவில்லை. பலவேசத்தின் சட்டை வயிற்றில் ஒட்டிக் கிடந்தது. மீசையில் சாம்பல்.

பஸ் வரும் வழியைப் பார்த்தபடி கேட்டார்.

“நான் எழுதுனதுல பொய் இருந்துச்சா, டீச்சர்?”

“இல்ல. கெழமைதான் தப்பு.”

“அப்ப ஏன் எங்கிட்டக் காகிதம் கேட்டிய?”

“தோலு நனஞ்சிருந்துச்சு.”

பலவேசம் துண்டை உதறினார், மறுபடி தோளில் போட்டார். “ஊர்ல கேப்பாங்க. ஐந்நூறு நோட்டீஸும் எங்கன்னு. கொம்பையா என்ன ஆனாம்னு. என்ன சொல்ல? அவன் சாவுக்கு அடிச்சதும் நெசம். அன்னைக்கு வரப்புல அடிச்சதும் நெசம். ரெண்டையும் ஒரு நோட்டீஸுல எழுத முடியுமா? நான்தான் சொன்னேன்ல, இடம் பத்தலைன்னு.”

லூர்தம்மாள் பைக்குள் கைவிட்டார். காலையில் மடித்து வைத்த நோட்டீஸை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

பலவேசம் பிரித்தார். தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது. அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

லூர்தம்மாள் அவர் கையிலேயே அந்தத் தாளைத் திருப்பினார்.

“பின்பக்கம் பூராவும் சும்மாதானே கெடக்கு, அண்ணாச்சி.”