பூஜையில் வைத்த லேப்டாப்

“எந்த லேப்டாப் வாங்கட்டும் சார்?”

பேராசிரியர் இர்ஃபான் தலையைத் தூக்கவில்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

பொற்கொடி கேட்காத ஆள் இல்லை. வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டாள், கடைக்காரர்களைக் கேட்டாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒருத்தன் விண்டோஸ்தான் சரி என்றான். இன்னொருத்தி, “லினக்ஸ் போடுங்கக்கா, காசே வேண்டாம்” என்றாள். யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு நொட்டை கண்டுபிடித்துவிடுவாள். நாற்பத்தாறு வயதில் எம்.எஸ்சி. புள்ளியியல் சேர்ந்தவளுக்குக் குழப்பம் இருக்கத்தானே செய்யும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

இர்ஃபான் விடவில்லை. அவர் அவளைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் அவரிடம் சந்தேகம் கேட்கத் துறையே பயப்படும். பதில் வராது, கேள்விதான் திரும்பி வரும்.

“வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. சொந்த லேப்டாப் இல்லாம உட்கார முடியாது. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“உட்காரலைன்னா இந்த வருஷம் போச்சு.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார். படிப்பும் இல்லைன்னா அந்த வீட்டுக்குள்ள நான் செத்தே போயிடுவேன்.”

“வீட்டுல ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணு இருக்கு. அது ஆகாது.”

“பழசா?”

“புதுசு மாதிரிதான் இருக்கு.”

“ரிப்பேரா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“பூஜையில இருக்கு சார்.”

சிவப்புப் பேனா நின்றது.

“கொண்டு வாங்க.”

மறுநாள் மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். மேஜையில் வைக்கவே மனசு வரவில்லை. மூடியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்து, ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது.

“யார் வச்சது?”

“என் பையன். செழியன். ஆயுத பூஜைக்கு அவனே வச்சான். ‘இன்னைக்கு இதைத் தொடக்கூடாதும்மா, அதனால அசைன்மென்ட்டும் கிடையாது’ன்னு சிரிச்சான், படவா. அன்னைக்குச் சாயங்காலமே காய்ச்சல். டெங்கு. அந்த வாரம் முடியறதுக்குள்ள…”

மூன்று வருஷமாக அதைப் பூஜை அலமாரியிலிருந்து யாரும் எடுத்ததில்லை. புருஷனைக்கூடத் தொடவிட்டதில்லை அவள்.

இர்ஃபான் சார்ஜரை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் திரையில் செழியனின் பெயர் வந்தது. கீழே பாஸ்வேர்டு கேட்டது.

“தெரியுமா?”

“தெரியாது.”

அவர் எதையெதையோ தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“கடையில குடுத்தா உள்ள இருக்கிறதை எடுத்துத் தருவாங்களா சார்? போட்டோ இருக்கும். அவன் குரல் ஏதாவது இருக்கும்.”

“முடியாது. டிஸ்க்கையே பூட்டி வச்சிருக்கான். அவன்தான் திறக்கணும்.”

அவர் ஒரு பென் டிரைவை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“இதுல லினக்ஸ் இருக்கு. போட்டா நல்லா ஓடும். பழசு எதுவும் மிஞ்சாது.”

பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களுக்குப் பிள்ளை இருக்கா சார்? இருந்தா இப்படிச் சொல்ல வாய் வருமா?”

அவர் கோபப்படவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

“எங்க வீட்டுல இந்த வழக்கம் இல்ல. அதனால கேக்கிறேன். பூஜையில வச்ச புத்தகத்தை எப்ப எடுப்பீங்க?”

“மறுநாள். விஜயதசமி அன்னைக்கு. எடுத்து நாலு வரியாவது படிச்சே ஆகணும்.”

“செழியன் எடுப்பானா?”

“எங்க எடுப்பான்! சின்னதுல, கணக்குப் புத்தகத்தை எல்லாத்துக்கும் அடியில வைப்பான். மறுநாள் எடுடான்னா, ‘சாமி இன்னும் படிச்சு முடிக்கலம்மா’ம்பான்.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?”

“‘சாமி படிச்சது போதும், நீ எடுத்துப் படிடா’ம்பேன்.”

சொன்னவள், பென் டிரைவைத் தானே எடுத்துச் சொருகினாள். அவர் காட்டிய இடங்களில் தட்டினாள். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. மூடியின் பின்னால் கையை நீட்டிப் பொட்டைத் தொட்டாள். அது பொடியாக விரலில் ஒட்டியது. அந்த விரலாலேயே சம்மதம் கொடுத்துவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

அழுது முடிக்கும்வரை இர்ஃபான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

உங்கள் பெயர் என்ன என்று திரை கேட்டது.

செழியன் என்று அடித்தாள்.

இர்ஃபான் திரும்பி வந்து பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை தேர்வு எழுதப் போறது யாரு?”

பொற்கொடி கடைசி எழுத்தை அழித்தாள். பிறகு, அதற்கு முந்தின எழுத்தை.